ஒன்பது வாக்குத்தத்த அட்டைகளும் பிரிக்காத ஒரு தொட்டிலும்

மலேசியாவின் பட்டர்வொர்த் பக்கமிருந்து, குழந்தைக்காகக் காத்திருக்கும் ஒரு சகோதரி ஆலோசகரான எனக்குக் கையால் எழுதி அனுப்பிய ஆறு பக்கக் கடிதம் இது. ஆளை அடையாளம் காட்டக்கூடியவற்றை மாற்றிவிட்டுச் சுருக்கமாகத் தருகிறேன்.

அவருக்கு வயது 37. ஒரு சரக்கு அலுவலகத்தில் கணக்கு வேலை. கணவருக்கு 41, பாலத்தைத் தாண்டி பாயான் லெப்பாஸில் ஷிப்டு வேலை. கல்யாணமாகி ஒன்பது வருடம், குழந்தை இல்லை. இருவரும் சிறு வயதிலிருந்தே தமிழ்ச் சபையில் வளர்ந்தவர்கள். ஒவ்வொரு டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனையிலும் தட்டிலிருந்து எடுத்த, வேத வசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டைகள் ஒன்பதும் அவருடைய வேதாகமத்துக்குள் இருக்கின்றன. நான்கு வருடத்துக்கு முன் வெளியூரிலிருந்து வந்த ஒரு பிரசங்கியார், கூட்டத்தில் அவரை முன்னால் அழைத்துத் தலையில் கை வைத்து, "அடுத்த வருஷம் இந்நேரம் உன் மடியில் ஒரு ஆண்பிள்ளை" என்றாராம். சபையே ஆமென் சொன்னது. அந்த வாரமே தொட்டில் வாங்கினார்கள். அது இன்னும் பிளாஸ்டிக் உறை பிரிக்கப்படாமல் பின்னறையில் இருக்கிறது. இப்போது அதன் மேல் இஸ்திரி போட வேண்டிய துணிகள் குவிந்து கிடக்கின்றன என்று எழுதியிருக்கிறார்.

அந்தக் கூட்டத்துக்கு முன் ஒரு மகளிர் மருத்துவரிடம் சில பரிசோதனைகள் செய்துகொண்டிருந்தார். "வார்த்தை வந்த பிறகும் டாக்டரிடம் ஓடினால் அது அவிசுவாசம்" என்று சபை மூப்பர் ஒருவர் சொல்ல, அதோடு நிறுத்திவிட்டார். கணவர் ஒரு பரிசோதனைக்கும் போனதில்லை. "எனக்கு ஒரு குறையும் இல்லை" என்பார். பேச்சை எடுத்தால் தூண்டிலை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். தத்தெடுப்பது பற்றிக் கேட்டதற்கு, "அது இஸ்மவேலைப் பெறுகிற வேலை" என்று அதே மூப்பர் சொல்லியிருக்கிறார். கர்த்தர் வாக்களித்த பிள்ளைக்குக் காத்திராமல், ஆபிரகாம் ஆகார் என்ற அடிமைப் பெண்ணிடம் பெற்ற மகன்தான் இஸ்மவேல். சபையில் பிள்ளை பிரதிஷ்டை, அதாவது பிறந்த குழந்தைகளை ஆண்டவருக்கு ஒப்புக்கொடுக்கும் சடங்கு, நடக்கிற ஞாயிறுகளில் இவர் கார் நிறுத்துமிடத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறார். கடைசிப் பக்கத்தில் மூன்று கேள்விகள். இன்னும் நம்பிக்கொண்டிருப்பது விசுவாசமா, முட்டாள்தனமா? மறுபடி டாக்டரிடம் போனால் ஆண்டவரை நம்பாத மாதிரி ஆகிவிடுமா? தத்தெடுத்தால் வாக்குத்தத்தத்தை நானே கைவிட்டதாகிவிடுமா?

அன்புச் சகோதரி,

மூன்று கேள்விக்கும் வருகிறேன். அதற்கு முன், நான்காம் பக்கத்தின் ஓரத்தில் பொடி எழுத்தில் ஒரு வரி எழுதி, பாதி அடித்திருக்கிறீர்கள். "சில நாள் காலையில் கண் விழிக்காமலே போனால் நல்லது என்று தோன்றுகிறது." அடித்துவிட்டாலும் படிக்க முடிந்தது. அதைத்தான் நான் முதலில் பார்க்கிறேன். இரவு மூன்று மணிக்கு விழித்துக்கொள்வது, சாப்பாடு இறங்காதது, பாட்டுக் குழுவிலிருந்து விலகியது என்று நீங்கள் அங்கங்கே சொல்லியிருப்பதையும் சேர்த்துப் பார்த்தால் இது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். கடிதத்தை வைத்து நோயை முடிவு செய்ய முடியாது. இந்த வாரமே வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள அரசாங்க கிளினிக்குக்குப் போய், "தூக்கமில்லை, வாழப் பிடிக்கவில்லை" என்று அப்படியே சொல்லுங்கள். குடிமக்களுக்கு அங்கே ஒரு ரிங்கிட்தான். நடு ராத்திரியில் அந்த எண்ணம் வந்தால், மனம் உடைந்தவர்கள் பேசக் காது கொடுக்கும் பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பின் தொலைபேசி 03-7627 2929, 24 மணி நேரமும் ஆள் இருப்பார்கள். பெயர் சொல்ல வேண்டியதில்லை. இந்த எண்ணம் வந்ததால் உங்கள் விசுவாசம் குறைந்துவிட்டதாக நினைக்காதீர்கள். எலியா தீர்க்கதரிசி சாக விரும்பிச் சூரைச் செடியின் கீழ் படுத்து "போதும் கர்த்தாவே" என்றபோது, தேவதூதன் அவனுக்குப் பிரசங்கம் பண்ணவில்லை. சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்துத் தூங்கவிட்டான்.

என்னைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் ஆலோசகர் மட்டுமே. போதகரும் அல்ல, டாக்டரும் அல்ல. கோலாலம்பூரில் இந்த வேலையைத் தொடங்கிய புதிதில், உங்களைப் போலவே ஒருவர் வந்து அழுதபோது, "ஜெபம் பண்ணுங்கள், கண்டிப்பாக நடக்கும்" என்று சொல்லி அனுப்பினேன். அவர் திரும்ப வரவில்லை. இரண்டு வருடம் கழித்து பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு சாப்பாட்டுக் கடையில் பார்த்தேன். என்னைப் பார்த்ததும் தட்டை எடுத்துக்கொண்டு வேறு மேசைக்குப் போனார். அப்புறம் அந்த "கண்டிப்பாக" என்ற வார்த்தை என் வாயில் வந்ததில்லை.

விசுவாசமும் நம்பிக்கையும்

"என் விசுவாசம் செத்துவிட்டது" என்று எழுதியிருக்கிறீர்கள். வீட்டுப் பேச்சில் நாம் எல்லாவற்றையும் நம்பிக்கை என்றே சொல்லிவிடுகிறோம். நம் வேதாகமமோ விசுவாசம், நம்பிக்கை என்று இரண்டாக வைத்திருக்கிறது. ஒருவர் மேல் சாய்ந்திருப்பது விசுவாசம். வரப்போவதை எதிர்பார்த்திருப்பது நம்பிக்கை. உங்கள் கடிதத்தில் களைத்துப்போயிருப்பது இரண்டாவது. நெடுங்காலக் காத்திருப்பு இருதயத்தை இளைக்கப்பண்ணும் என்று நீதிமொழிகள் 13-லேயே இருக்கிறது. அதில் கண்டிப்பு எதுவும் இல்லை, உள்ளதைச் சொல்கிறது. முதலாவதான விசுவாசம் இன்னும் உயிரோடு இருப்பதற்கு நீங்களே சாட்சி கொடுத்திருக்கிறீர்கள். கார் நிறுத்துமிடத்தில் உட்கார்ந்து, கண்ணாடியை ஏற்றிவிட்டு, "எதுவரைக்கும் ஆண்டவரே" என்று கத்தியதாக எழுதியிருக்கிறீர்களே, அது 13-ம் சங்கீதத்தின் முதல் வரி. 88-ம் சங்கீதம் இன்னும் மோசம். கடைசி வரி வரைக்கும் விடியவே இல்லை. அதையும் சேர்த்துத்தான் வைத்திருக்கிறார்கள். பிள்ளையில்லாத அன்னாள் ஆலயத்தில் உதடு மட்டும் அசைய அழுததைப் பார்த்து, ஆசாரியனே குடித்திருக்கிறாள் என்று நினைத்துவிட்டானே! சபையில் உங்களை யாராவது தவறாகப் புரிந்துகொண்டால் அது புதுசு இல்லை.

அந்த அட்டையில் அச்சாகாத வரிகள்

உங்கள் ஒன்பது அட்டைகளில் மூன்றில் ஒரே வசனம் வந்ததாகச் சொல்கிறீர்கள்: எரேமியா 29:11. தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகள். நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவு. மூன்று தடவை வந்ததால் இது எனக்கேதான் என்று எடுத்துக்கொண்டீர்கள். தப்பில்லை. ஆனால் ஒரு வேலை செய்யுங்கள். அட்டையை மூடிவைத்து, 28, 29 இரண்டு அதிகாரத்தையும் ஒரே மூச்சில் படியுங்கள்.

இது பாபிலோனுக்குப் பிடித்துக்கொண்டு போகப்பட்ட யூதர்களுக்கு எரேமியா எழுதிய கடிதம். கி.மு. 597-ல் நடந்த சிறையிருப்பு அது. அந்தச் சமயத்தில் அனனியா என்று ஒரு தீர்க்கதரிசி ஆலயத்தில் எல்லோர் முன்னாலும் நின்று, இரண்டே வருடத்தில் எல்லாம் திரும்பிவிடும் என்று அறிவிக்கிறான். ஜனங்களுக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்திருக்கும்! அதைக் கேட்டு எரேமியா முதலில் சொன்ன வார்த்தை என்ன தெரியுமா? "ஆமென்." கர்த்தர் அப்படியே செய்வாராக என்றான். அவனுக்கும் அந்த ஆசை இருந்தது. ஆனால் கர்த்தர் அனனியாவை அனுப்பவில்லை, அவன் ஜனத்தைப் பொய்யை நம்பும்படி செய்தான் என்று பிறகு சொல்ல வேண்டியதாயிற்று. உங்கள் தலையில் கை வைத்தவர் பொய்யர் என்று நான் சொல்லவரவில்லை. அவர் மனதை நான் அறியேன். ஆனால் தேதி சொன்னது அவர். அந்தத் தேதி போய் மூன்று வருடமாயிற்று. தவறிய தேதிக்கு அவர்தான் பொறுப்பு. உங்கள் விசுவாசக் குறைவால் தவறியது என்று யாராவது சொன்னால் அதைத் தலையில் ஏற்றிக்கொள்ளாதீர்கள். சபையோடு நீங்களும் ஆமென் சொன்னது குற்றமில்லை, எரேமியாவே சொன்னானே.

இப்போது 29-க்கு வாருங்கள். உங்கள் வசனத்துக்கு முந்தின வசனத்தில் ஒரு கணக்கு இருக்கிறது: எழுபது வருடம். அந்தக் கடிதத்தைக் கேட்ட பெரியவர்களில் அநேகர் திரும்பிப் போகும் நாளைப் பார்த்திருக்கவே முடியாது. அட்டையில் அது அச்சாவதில்லை; அச்சாகியிருந்தால் யாரும் தட்டிலிருந்து எடுக்கமாட்டார்கள். அந்த எழுபது வருடம் என்ன செய்ய வேண்டும்? வீடு கட்டுங்கள், குடியிருங்கள், தோட்டம் போடுங்கள், அதன் பழத்தைச் சாப்பிடுங்கள், நீங்கள் இருக்கிற பட்டணத்துக்காக ஜெபம் பண்ணுங்கள். காத்திருக்கச் சொன்ன கடிதமே இப்படித்தான் சொல்கிறது. மூட்டையைக் கட்டி வாசலில் வைத்துக்கொண்டு உட்காரச் சொல்லவில்லை.

சகோதரி, உங்கள் கடிதத்தில் எனக்கு அதிகம் வலித்தது தொட்டில் இல்லை. அம்மா கேமரன் மலைக்கு ஒரு வாரம் கூப்பிட்டபோது, "ஒருவேளை உண்டாகியிருந்தால் மலைப் பாதையில் குலுங்கக் கூடாதே" என்று மூன்று வருடமாகப் போகவில்லை என்றீர்களே, அதுதான். கணக்குப் பரீட்சைக்கு அலுவலகமே பணம் கட்டுகிறேன் என்றும் வேண்டாம் என்றிருக்கிறீர்கள். பிள்ளை வந்தால் நேரம் இருக்காது என்று. வரவில்லை, நேரமும் போயிற்று. வாழ்க்கையைக் காலியாக வைத்திருந்தால்தான் ஆண்டவர் வந்து நிரப்புவார் என்று எங்கேயோ மனதில் பதிந்துவிட்டது போலிருக்கிறது. அப்படி ஒரு நிபந்தனையை நான் வேதத்தில் பார்த்ததில்லை. ஆபிரகாம் 75 வயதில் புறப்பட்டு, ஈசாக்கு பிறக்கும்போது 100 வயது. நடுவில் உள்ள 25 வருடமும் அவன் கூடாரம் அடித்தான், மாடு ஆடு வளர்த்தான், சண்டைக்குப் போய் தன் சகோதரன் மகன் லோத்தை மீட்டான்.

டாக்டரிடம் போவது பற்றி

எசேக்கியா ராஜாவை நினைத்துக்கொள்ளுங்கள். சாகப்போகிறவனுக்கு இன்னும் 15 வருடம் ஆயுசு என்று கர்த்தரே வாக்குக் கொடுத்தார். வார்த்தை வந்தாயிற்று. அதற்கு அப்புறமும் ஏசாயா, அத்திப்பழ அடையைக் கொண்டுவந்து புண்ணின்மேல் பற்றுப் போடச் சொன்னான். அந்தக் காலத்து வைத்தியம் அது. மூப்பர் சொன்ன கணக்குப்படி பார்த்தால் ஏசாயாவே அவிசுவாசி.

உங்கள் விஷயத்தில் தாமதத்துக்கு ஒரு விலை உண்டு. மறைத்துப் பேசுவது உங்களுக்கு நல்லதில்லை. 35 வயதைத் தாண்டியவர்கள் ஆறு மாதம் முயன்றும் கருத்தரிக்காவிட்டால் பரிசோதிக்க வேண்டும் என்பதுதான் மருத்துவர்களின் பொது வழக்கம். முப்பதுகளின் பிற்பாதியில் சினைமுட்டையின் எண்ணிக்கையும் தரமும் வேகமாகக் குறைகின்றன. ஆகவே "காத்திருக்கிறேன்" என்று ஒன்றும் செய்யாமல் இருப்பதும் ஒரு முடிவுதான். கருக்குழாய் அடைப்பு, முட்டை இருப்பு இவற்றுக்கான பரிசோதனைகளை மறுபடி முதலிலிருந்து செய்யச் சொல்லலாம். பழைய முடிவுகள் மட்டும் போதாது.

கணவருக்கும் பரிசோதனை வேண்டும். "எனக்கு ஒரு குறையும் இல்லை" என்பது பார்த்துத் தெரிகிற விஷயம் இல்லை. பிள்ளையில்லாத தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் ஆண் பக்கத்திலும் ஒரு காரணம் இருக்கிறது. விந்துப் பரிசோதனைதான் எல்லாவற்றிலும் எளியது, ஊசி கூட இல்லை. அதைச் செய்யாமல் உங்கள் உடம்பை மட்டும் துருவிக்கொண்டிருப்பது அநியாயம். அவர் கொடுமைக்காரர் என்று எனக்குத் தோன்றவில்லை. பயந்திருக்கிறார். அன்னாளின் கணவன் எல்க்கானா அவளிடம், பத்துக் குமாரரைவிட நான் உனக்கு அதிகமல்லவா என்று கேட்டானே, அதைப் பிரசங்கங்களில் அன்பு என்பார்கள். எனக்கு அது விஷயத்தை முடித்துவிடப் பார்க்கிற பேச்சாகத்தான் படும். உங்கள் கணவர் அதைத் தூண்டிலை வைத்துச் செய்கிறார். ஒரு நாள் நீங்களும் கூடவே போய் உட்காருங்கள். மீன்பிடிக்கிற ஆண்களுக்கு முகத்தைப் பார்க்காமல் பேசுவது சுலபம்.

செலவு பற்றிக் கேட்டிருந்தீர்கள். தனியார் இடத்தில் ஐ.வி.எஃப்., அதாவது உடலுக்கு வெளியே கருவை உருவாக்கும் சிகிச்சை, ஒரு சுற்றுக்கே ஐந்து இலக்க ரிங்கிட் ஆகும். அரசாங்கக் குடும்ப மேம்பாட்டு வாரியமான எல்.பி.பி.கே.என். நடத்தும் கிளினிக்கிலும் சில அரசாங்க மருத்துவமனைகளிலும் செலவு குறைவு, வரிசை நீளம். ஈ.பி.எஃப். என்ற ஊழியர் சேமநிதிப் பணத்தில் செஜாதெரா என்ற பிரிவுக் கணக்கிலிருந்து மருத்துவத்துக்காக எடுக்கும்போது குழந்தைப்பேறு சிகிச்சையும் அதில் அடங்கும். திருமணமான தம்பதிகளுக்கு இந்தச் செலவுக்கு வருமான வரிக் கழிவும் உண்டு. கடுமையான நோய்ச் செலவுகளோடு சேர்த்து அதன் உச்சவரம்பு 2023 வரி ஆண்டிலிருந்து 10,000 ரிங்கிட். ரசீதுகளை எடுத்துவையுங்கள், கணக்கு வேலை பார்ப்பவருக்கு நான் சொல்லவேண்டியதில்லை! அதே சமயம் இதையும் தெரிந்துகொண்டு போங்கள். உங்கள் வயதில் நல்ல மையங்களிலும் பாதிக்கு மேற்பட்ட சுற்றுகள் தோற்கின்றன. எத்தனை கரு உருவாக்குவது, மிஞ்சியதை என்ன செய்வது என்பதைத் தொடங்கும் முன்பே இருவரும் பேசி, டாக்டரிடம் எழுத்தில் கேளுங்கள். கத்தோலிக்கத் திருச்சபை ஐ.வி.எஃப்.-ஐ ஏற்பதில்லை. மற்றச் சபைகள் பெரும்பாலும் மனசாட்சிக்கு விட்டுவிடுகின்றன. எத்தனை சுற்றோடு நிறுத்துவது என்பதையும் இப்போதே முடிவு செய்துவிடுங்கள். மூன்றாவது தோல்வி அன்று முடிவெடுக்கிற நிலையில் யாரும் இருப்பதில்லை.

பக்கத்து வீட்டு அக்கா ஜூலை 26 திருவிழாவுக்கு புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னாள் கோவிலுக்குக் கூப்பிடுகிறார், போகலாமா என்று ஓரமாகக் கேட்டிருக்கிறீர்கள். மரியாளின் தாயான அன்னாளும் வெகுகாலம் பிள்ளையில்லாமல் இருந்தார் என்ற கதை வேதாகமத்தில் இல்லை. ஆதித் திருச்சபையின் பழைய எழுத்துகளிலிருந்து வந்தது. வேண்டுதல் வைப்பதா என்பது உங்கள் மனசாட்சி. ஆனால் அந்த அக்கா உங்களைத் தனியாக விடவில்லை. மெழுகுவர்த்தியோடு நடக்கிற கூட்டத்தில் உங்களைப் போல ஆயிரம் பேர் இருப்பார்கள்.

இஸ்மவேல் என்ற பேச்சு

இதில் மூப்பருக்கு வேதமும் தெரியவில்லை, சட்டமும் தெரியவில்லை. ஆகார் ஓர் அடிமைப் பெண். அவளிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. பெற்றோர் இல்லாத பிள்ளைக்கு வீடு கொடுப்பதோடு அதை எப்படி ஒப்பிடுவது? மோசே வளர்ப்புப் பிள்ளை. எஸ்தரை மொர்தெகாய் தன் மகளாக எடுத்து வளர்த்தான். நாசரேத்தில் இயேசுவை, அவரை வளர்த்த தச்சனுடைய மகன் என்றுதான் ஊர் அழைத்தது.

சட்டத்தில் முஸ்லிம் அல்லாதவர்களுக்கு இரண்டு வழி. 1952-ம் ஆண்டு தத்தெடுப்புச் சட்டத்தின்படி நீதிமன்றத்துக்குப் போவது ஒன்று. குழந்தை குறைந்தது மூன்று மாதம் தொடர்ந்து உங்கள் பராமரிப்பில் இருந்திருக்க வேண்டும். உத்தரவு கிடைத்தால் சட்டத்தின் பார்வையில் அது நீங்கள் பெற்ற பிள்ளை மாதிரி. மற்றது, அதே ஆண்டின் தத்தெடுப்புப் பதிவுச் சட்டத்தின்படி ஜே.பி.என். என்ற தேசியப் பதிவுத் துறை அலுவலகத்தில் பதிவது, இரண்டு வருடம் வளர்த்திருக்க வேண்டும். இதில் வாரிசுரிமை தானாக வராது. எது உங்களுக்கு ஏற்றது என்று வழக்கறிஞரிடம் ஒரு மணி நேரம் பேசிவிடுங்கள்.

"தெரிந்தவர் மூலம் ஒரு குழந்தை இருக்கிறது, இவ்வளவு கொடுத்தால் பிறப்புப் பத்திரத்திலேயே உங்கள் பெயர் போட்டுத் தரலாம்" என்று யாராவது வந்தால் கதவைச் சாத்துங்கள். அது குற்றம், பின்னால் அடிபடுவது குழந்தை. குழந்தையைப் பெற்ற தாய்க்கு ஆவணம் இல்லாவிட்டால், தத்தெடுத்ததாலேயே அதற்குக் குடியுரிமை வந்துவிடாது. அரசியல் சட்டத்தின் 15ஏ பிரிவின் கீழ் தனியாக விண்ணப்பிக்க வேண்டும், பதில் வருடக்கணக்கில் இழுக்கலாம். இன்னொரு காத்திருப்பு அது. தெரிந்தே நுழையுங்கள்.

தத்தெடுத்தால் நம்பிக்கையை விட்டதாகுமா என்றால், ஆகாது. ஆனால் அழுது முடிக்காத துக்கத்துக்கு மருந்தாக ஒரு குழந்தையைக் கொண்டுவராதீர்கள். கணவரும் மனதார விரும்பும்வரை அவசரம் வேண்டாம்.

பிள்ளை பிறக்குமா என்று எனக்குத் தெரியாது. எபிரெயர் 11-ல் வாக்குத்தத்தம் பெற்றவர்களை வரிசையாகச் சொல்லிவிட்டு, இவர்களெல்லாரும் அதை அடையாமலே விசுவாசத்தோடே மரித்தார்கள் என்று எழுதியிருக்கிறது. பிரதிஷ்டை ஞாயிறுகளில் அதை யாரும் படிப்பதில்லை. அந்த ஞாயிறுகளில் நீங்கள் கார் நிறுத்துமிடத்தில் இருப்பது பாவமில்லை. வெயிலில் உட்காராமல் வீட்டிலேயே இருந்துவிடுங்கள். காரணத்தைப் போதகரின் மனைவியிடம் மட்டும் சொன்னால் போதும்.

தொட்டிலை என்ன செய்வது என்று நீங்கள் கேட்கவில்லை, அதனால் நானும் சொல்லவில்லை. துணிகளை மட்டும் அதன் மேலிருந்து எடுத்துவிடுங்கள். அந்த அறையில் வெளிச்சம் நன்றாக விழும் என்று எழுதியிருந்தீர்கள். பரீட்சைக்குப் படிக்க அங்கே ஒரு மேசை போட இடமிருக்கும். அலுவலகம் பணம் கட்டுவதாகச் சொன்னது இன்னும் செல்லுமா என்று திங்கட்கிழமை கேட்டுப் பாருங்கள். அம்மாவுக்கும் ஒரு போன் போடுங்கள்.

கிளினிக்கில் பார்த்த பிறகு எனக்கு எழுதுங்கள். கோலாலம்பூர் வரை வர முடிந்தால் சனிக்கிழமை காலையில் உங்கள் இருவருக்கும் நேரம் ஒதுக்கிவைக்கிறேன். பட்டர்வொர்த்திலிருந்து ரயில் நேராக வருகிறது. கணவர் பேசமாட்டேன் என்றால் பேச வேண்டாம், சும்மா வந்து உட்காரட்டும். ஒன்பது அட்டைகளையும் கொண்டுவாருங்கள். ஒவ்வொன்றுக்கும் முன்னும் பின்னும் உள்ள வசனங்களைச் சேர்ந்து படிக்கலாம்.